ஊசி தேய்ந்தது எனக்குத் தெரியும்

அப்பாவின் இசைத்தட்டுகளைப் பாழாக்கியவன் நான்தான். பாழாக்கியதோடு நிற்கவில்லை. அக்கா கேட்டபோது, "அதெல்லாம் அப்பா காலத்துலயே தேஞ்சு போச்சுக்கா" என்று சொன்னேன். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. மறுத்துப் பேச அவர் இல்லை என்ற தைரியத்தில்தான் சொன்னேன். சிக்கனமான பட்ஜெட்டில் ஒரு டர்ன்டேபிளை எப்படி மேம்படுத்துவது என்று என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு விஷயம் தெரியும் என்று நினைக்கிறார்கள். தெரியும் என்பது உண்மைதான். தெரிந்தே செய்தேன் என்பதைத்தான் இத்தனை நாள் அவர்களிடம் சொல்லவில்லை.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தார். பாஸ் இருந்ததால் சென்னைக்குப் போய்வர டிக்கெட் செலவு கிடையாது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் போய் எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட்டுக்குப் போவார். 1985இல் அது எரிந்துபோகும் வரை, பழைய புத்தகம் வாங்கப் போகிறவர்கள் பழைய இசைத்தட்டையும் அங்கேதான் தேடினார்கள். எம்.எஸ்.ஸின் வெங்கடேச சுப்ரபாதம், அவர் 1966இல் ஐ.நா. சபையில் பாடிய கச்சேரியின் தட்டு, காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம், சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தவர். புதிதாக உறை பிரித்து வாங்கியவை சிலதான். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' அதில் ஒன்று; 1986இல் அது வந்தபோது ஊரே கேசட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது, அவர் தட்டாகத்தான் வேண்டும் என்று தேடி வாங்கினார். உறையின் உள்பக்கம் பென்சிலால் தேதி எழுதிவைப்பது அவர் வழக்கம்.

எங்கள் வீட்டில் இருந்தது எச்.எம்.வி. ஃபியஸ்டா. அதன் செராமிக் கார்ட்ரிட்ஜ் இன்றைய கார்ட்ரிட்ஜ்களைவிடத் தட்டின் மேல் அதிக பாரத்தை இறக்கும். அப்பாவுக்கு அது தெரியும். ஒன்றோடொன்று உரசினால் எது தேயும், எப்போது மாற்ற வேண்டும் என்பதுதானே அவர் தொழில். அதனால் ஊசியை வருஷத்துக்கு ஒருமுறை, போகியன்று மாற்றிவிடுவார். "நல்லாத்தானே பாடுது" என்று அம்மா சொன்னால், "கெட்டுப் பாடுற வரைக்கும் வெச்சிருந்தா தட்டு போயிடும்" என்பார். மாற்றிய தேதியைப் பிளேயர் மூடியின் உள்ளே எழுதுவார். ஒரு அட்டையும் வைத்திருந்தார், வட்டமாக 180 கறுப்புக் கோடுகள் போட்டது. சுழலும் தட்டின் மேல் அதை வைத்து டியூப் லைட்டைப் போட்டால், வேகம் சரியாக 33⅓ ஆக இருக்கும்போது கோடுகள் நகராமல் நிற்கும். நம் ஊர் மின்சாரம் 50 சுற்று, விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது, அதனால் 180 கோடு என்று என்னிடம் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். சோக் வைத்த பழைய டியூப் லைட்டில் கோடுகள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட மனுஷன் மேல்தான் நான் பழி போட்டேன்.

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளம் வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு, சீட்டு என்று போய்விடும். ஃபியஸ்டா ஓடாமல் போய் வெகுகாலம் கழித்து, வெளிநாட்டுக்குப் போகிற ஒருவரிடமிருந்து பெல்ட்டில் ஓடும் பழைய டர்ன்டேபிள் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது. அதில் ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ கார்ட்ரிட்ஜைப் புதிதாக வாங்கிப் பொருத்தினேன். ஏற்கெனவே வீட்டில் இருந்த ஆம்ப்ளிஃபையர், சின்ன ஸ்பீக்கர்கள், நடுவில் ஒரு சாதாரண ஃபோனோ பிரீஆம்ப். அவ்வளவுதான். அன்று ஐ.நா. கச்சேரித் தட்டைப் போட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பா காலத்தில் கேட்டே இராத விஷயங்கள் கேட்டன: தம்புராவின் கார்வை, பாட்டுக்கு நடுவே மூச்சை இழுக்கும் சத்தம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஃபியஸ்டாவில் இருந்தது உருண்டை முனை. அது தடத்தின் இரண்டு சுவர்களிலும் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் உரசிக்கொண்டு போகும். தேய்மானம் இருந்தால் அங்கேதான் இருக்கும். புதிய ஊசியின் முனை நீள்வட்டம். பக்கவாட்டு விளிம்பு 8 மைக்ரான்தான். உருண்டை முனை தாண்டிப்போன நுணுக்கமான வளைவுகளுக்குள் அது நுழைந்தது, தேயாத இடத்தைத் தொட்டது. அப்பா ஊசியை ஒழுங்காக மாற்றி வந்ததால் அந்த இடங்கள் எனக்காகப் பத்திரமாக இருந்தன. அவர் விட்டுப்போன சொத்து அது. எனக்கு அது அன்றே விளங்கியது. விளங்கிய பிறகுதான் மற்றதெல்லாம் செய்தேன்.

முதலில் ஆம்ப்ளிஃபையரை மாற்றினேன். பிறகு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கிப் பிரீஆம்ப். ஒவ்வொன்றுக்கும் மனைவியிடம் பாதி விலைதான் சொன்னேன். அவள் நம்பவில்லை; நம்பாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. அதைத் தனியாக அவளிடம் பேசி முடித்துவிட்டேன், இங்கே நீட்ட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் பாட்டுக் கேட்க வர ஆரம்பித்தார்கள். வருகிறவர் கண்ணில் முதலில் படுவது ஸ்பீக்கர். பிறகு ஆம்ப்ளிஃபையரின் மினுமினுப்பு. "என்ன சார், புதுசா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காக நான் ஏங்கினேன். ஊசியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். அது கண்ணுக்கே தெரியாது. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் வெளியே பச்சை நிறப் பிளாஸ்டிக் ஒன்றுதான் தெரியும்.

நீள்வட்ட ஊசிக்கு ஏறத்தாழ 300 மணி நேரம்தான் ஆயுள் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். தினமும் ஒரு மணி நேரம் கேட்டால் பத்து மாதம். நான் அதற்கு மேலேயே கேட்டேன். அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம், பிறருக்கும் சொல்லியிருக்கிறேன். முதலில் ஸகரமும் ஷகரமும் கெட்டன. குரல் நன்றாகத்தான் இருக்கும், 'ஸ்' வரும் இடத்தில் மட்டும் ஒரு சீறல். அதுவும் தட்டின் ஓரத்தில் இல்லை, உள்பக்கம் முடியும் இடத்தில்தான் கூடுதல். ஏனென்றால் வெளி ஓரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் நீளத் தடம் ஊசிக்குக் கீழே ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதே அளவு ஒலியை அந்தக் குறுகிய இடத்துக்குள் நெருக்கி வெட்டியிருப்பார்கள். தேய்ந்த ஊசியால் அந்த நெருக்கமான வளைவுகளில் திரும்ப முடியாது.

எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் நண்பரிடம் ஊசியைக் கழற்றிக் கொண்டுபோனேன். நுண்ணோக்கியில் வைத்து, பக்கவாட்டில் ஒரு டார்ச்சைப் பிடித்து, மெதுவாகத் திருகிக் குவியத்தைக் கொண்டுவந்தார். முதலில் ஒரு சாம்பல் நிறக் கம்பி தெரிந்தது, அதன் நுனியில் தூசிப் பஞ்சு சுற்றிய வைரம். தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வளைவாக இருக்க வேண்டிய முனையின் இரண்டு பக்கமும் பட்டையாகச் சீவப்பட்டிருந்தது. டார்ச்சை அசைக்கும்போதெல்லாம் அந்த இரண்டு பட்டைகளும் வெள்ளையாக மின்னின. பட்டையும் வளைவும் சேரும் விளிம்பு கூராக நின்றது. "உளி மாதிரி இருக்கே சார்" என்றார் அவர். அவருக்கு இசைத்தட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பார்த்ததைச் சொன்னார்.

2 கிராம் பாரம்தான். ஆனால் அது இறங்கும் இடம் அவ்வளவு சிறியது, சதுர சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் டன் கணக்கில் வரும். வளைவான முனை அந்த அழுத்தத்தோடு வழுக்கிக்கொண்டு போகும். கூரான விளிம்பு வினைலைச் சீவிக்கொண்டு போகும். இதுவும் எனக்குத் தெரியும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அதே ஊசியைத் திரும்ப மாட்டினேன். காருகுறிச்சியைப் போட்டேன்.

மாற்று ஊசி அப்போது 5,000 ரூபாய்க்குள் கிடைத்தது. கையில் பணம் இல்லாமல் இல்லை. தீபாவளிக்கு வந்த பணம் இருந்தது. அதை ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு முன்பணமாகக் கொடுத்திருந்தேன். திருப்பிக் கேட்டிருக்கலாம். ஊசி வாங்கும் வரை தட்டுகளை உறைக்குள் வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், அதற்குக் காலணாகூடச் செலவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருவதாக இருந்தது. ஸ்பீக்கர் வந்ததும் அதற்கு ஏற்ற ஒயர் வேண்டும் என்றார்கள். அந்த ஒயருக்கு நான் கொடுத்த பணம் ஊசியின் விலையைவிட அதிகம். பல மாதம் இப்படியே ஓட்டினேன்.

பெரிய ஸ்பீக்கரில் அந்தச் சீறல் இன்னும் தெளிவாகக் கேட்டது. பிரீஆம்ப் சரியில்லை என்று சொல்லி அதையும் ஒருமுறை மாற்றினேன். மேடையைச் சமன் செய்தேன். எர்த் ஒயரைப் பிடுங்கிப் புதிதாக இழுத்தேன். எங்கே தவறு என்று தேடுகிறவனைப் போல நடந்துகொண்டேன். எங்கே என்று நுண்ணோக்கியில் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். இப்போது யோசித்தால் எனக்கு ஒரு பயம் இருந்திருக்க வேண்டும் என்று படுகிறது. புது ஊசி வந்தால், சத்தம் ஊசியில் இல்லை, தட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது என்பது தெரிந்துவிடும். அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அது இன்னும் ஆழமாக இறங்கியது.

விருந்தாளிகளுக்காக எதைப் போட்டேனோ அவைதான் அதிகம் கெட்டன. ஸ்பீக்கரின் பலத்தைக் காட்ட நாகஸ்வரத்தைப் போல இன்னொன்று கிடையாது. அடுத்தது 'ஹவ் டு நேம் இட்'டின் வயலின்கள். அப்பா உறை பிரித்து, பூப்போல ஊசியை இறக்கிக் கேட்ட தட்டு அது.

அப்பாவின் திதிக்கு அக்கா கரூரிலிருந்து வந்திருந்தாள். விடிகாலையில் குளித்துவிட்டு வந்து, "சுப்ரபாதம் போடுடா, அப்பா போடுற மாதிரி" என்றாள். போட்டேன். ஸகரமும் ஷகரமும் நிறைந்த ஸ்தோத்திரம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "என்னடா, எம்.எஸ். குரல் இப்படிச் சீறுது?"

அப்போதுதான் அந்தப் பதிலைச் சொன்னேன். பழைய பிளேயர், கனமான ஊசி, அப்பா தினமும் போட்டுத் தேய்த்துவிட்டார் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். எனக்குத் தெரிந்த தொழில்நுட்பத்தையெல்லாம் அந்தப் பொய்க்கு முட்டுக் கொடுக்கப் பயன்படுத்தினேன். அக்கா நம்பினாள். "ஆமா, விடாம போடுவாரே. அவருக்கு என்ன தெரியும் பாவம்" என்றாள். வருஷா வருஷம் போகியன்று ஊசி மாற்றியவரைப் பற்றி அவர் மகளையே அப்படிச் சொல்ல வைத்தேன். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இலையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஊசி வாங்கினேன். அதே கார்ட்ரிட்ஜில் பச்சையைக் கழற்றிவிட்டுச் சிவப்பை, மைக்ரோலைன் முனை உள்ளதை, மாட்டலாம். ஆயுள் 1000 மணி நேரம். முனை மெல்லிய கோடாகச் செதுக்கப்பட்டிருப்பதால் தடத்தின் சுவரை மேலிருந்து கீழ்வரை நீளமாகத் தொடும். நான் சீவாத இடம் ஏதாவது மிச்சமிருந்தால் அதைப் பிடிக்கும் என்று ஒரு ஆசை. ஸ்பீக்கரை விற்று அதற்குப் பணம் புரட்டினேன்.

ஐ.நா. கச்சேரி பாதி திரும்பி வந்தது. சுப்ரபாதத்தில் ஓரப் பகுதி பரவாயில்லை, உள்பகுதி போனது போனதுதான். காருகுறிச்சியின் கடைசிப் பகுதியில் நாகஸ்வரம் மேலே ஏறும் இடமெல்லாம் கிழிகிறது. அடுத்து, என்ன தோன்றியதோ, சீர்காழியின் தட்டை எடுத்தேன். அப்பா அதிகம் போட்டது அதைத்தான். சின்ன வயதில் கேட்டுச் சலித்துப்போனதால் நான் அதைத் தொட்டதே இல்லை. முதல் தடத்திலிருந்து கடைசி வரை கேட்டேன். சின்னச் சின்னச் சொடுக்குகள் உண்டு. ஆனால் சீறல் எங்கேயும் இல்லை. லேபிளுக்குப் பக்கத்திலும் அந்தக் கணீர்க் குரல் உடையாமல் நின்றது. ஃபியஸ்டாவில் அத்தனை வருஷம் ஓடிய தட்டு. அப்பாவின் கையில் எந்தத் தட்டும் கெடவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

78 சுழற்சித் தட்டுகள் இரண்டும் தப்பின, டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்தவை. என் டர்ன்டேபிளில் அந்த வேகம் இல்லை, அவற்றின் அகலத் தடத்துக்கு 3 மில் ஊசி வேண்டும், அதுவும் இல்லை. இருந்திருந்தால் அவற்றையும் விட்டிருக்கமாட்டேன்.

என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு இப்போது சொல்வது இது. கையில் இருக்கும் பணம் எவ்வளவாக இருந்தாலும் முதல் பங்கு தட்டைத் தொடும் முனைக்கு. பழைய டர்ன்டேபிள் வாங்கினால், அதிலிருக்கும் ஊசி எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும், விற்றவர் என்ன சத்தியம் செய்தாலும், அதை வைத்து ஒரு தட்டைக்கூட ஓட்டாதீர்கள். பாரத்தை அளக்கச் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள், ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போகும் செலவுகூட ஆகாது. பாரம் குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், தவறு. லேசான ஊசி தடத்தில் உட்காராமல் துள்ளித் துள்ளிச் சுவரை இடிக்கும். விஎம்95இக்கு 2 கிராம் என்று போட்டிருந்தால் 2 கிராம் வையுங்கள். கார்ட்ரிட்ஜைக் கோணம் பார்த்து வைக்க ஒரு தாளை அச்சடித்தால் போதும். நடுமுளையிலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் ஊசி தடத்துக்கு நேராக நிற்க வேண்டும். வழக்கமான டோன் ஆர்ம் வேறெங்கும் நேராக நிற்காது, நிற்க வேண்டியதும் இல்லை. பெல்ட் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். ஸ்பீக்கரை டர்ன்டேபிள் இருக்கும் மேசையில் வைக்காதீர்கள். ஊசியைப் பொருத்திய தேதியை டர்ன்டேபிளின் மூடிக்குள் எழுதுங்கள், கேட்ட மணி நேரத்தைக் கோடு போட்டு வாருங்கள். இதற்குப் பிறகும் பணம் மிஞ்சினால் ஆம்ப்ளிஃபையரைப் பற்றி யோசிக்கலாம். நல்ல ஆம்ப்ளிஃபையர் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் எந்தத் தட்டும் சாகாது.

போன மாதம் கரூருக்குப் போனேன். போனில் சொல்ல மனம் ஒப்பவில்லை. அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ அப்பா மேல எதுக்குடா சொன்னே?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. அவள் திட்டவில்லை. உள்ளே போய் மாமாவிடம் சொல்லிவிட்டு வந்து, "தட்டையெல்லாம் இங்க கொண்டுவந்து வெச்சிடு. சீர்காழியை மொதல்ல கொண்டா" என்றாள். மறுவாரமே உறைகளைத் துடைத்து, நிமிர்த்தி அடுக்கி, இரண்டு பெட்டிகளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பழைய ஊசியை ஆபத்துக்கு இருக்கட்டும் என்று மேசை டிராயரில் வைத்திருந்தேன். அதை வளைத்து உடைத்துப் போட்டேன்.

அவள் வீட்டில் பிளேயர் கிடையாது. என் டர்ன்டேபிளையே கொண்டுவந்து வைக்கட்டுமா என்று கேட்டேன். "ஊசியை யாரு பாத்துக்குவா?" என்றாள். நான் என்று சொல்ல வாய் வரவில்லை. மாமா ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், கைவேலையில் நிதானமானவர். தராசையும் கோணத் தாளையும் அவரிடம் கொடுத்து, அடுத்த வாரம் போய்ச் சொல்லிக் கொடுப்பதாக ஏற்பாடு.